உஷார்! ஆளைக் கீழே இறக்குமுன் நில்லுங்கள்

மழை பிடித்துவிட்டால் நம் தென்கேரள எல்லைப் பக்கத்தில் மூன்று வேலைகள் ஒன்றாக வந்து சேரும். அடைத்துக்கொண்ட தோட்டை, அதாவது ஓடையைத் திறந்துவிட வேண்டும். நிரம்பி வழியும் செப்டிக் டேங்கை எடுக்க வேண்டும். இடிந்து விழப் பார்க்கும் கிணற்றுக்கு உறை மாற்ற வேண்டும். மூன்றுக்கும் ஓர் ஆளைக் கீழே இறக்குவதே இங்கே வழக்கம். பாறசாலை, செங்கல், காரோடு, குன்னத்துகால், அமரவிளை, அந்தப் பக்கம் களியக்காவிளை வரை, போன் அடித்தால் மறுநாள் காலையில் மண்வெட்டியும் கயிறுமாக வந்து நிற்கும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கும், அவர்களைக் கூட்டி வரும் மேஸ்திரிக்கும், காண்ட்ராக்டருக்கும், கூலி கொடுக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் இந்த எச்சரிக்கை. தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

2024 ஜூலை 13, சனிக்கிழமை. திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் சுரங்கம்போல் நுழைந்து போகும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கினார் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. மழை வலுத்தது. தோட்டில் தண்ணீர் ஏறியது. ஆளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தீயணைப்புப் படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, கடற்படை முக்குளிப்பவர்கள், ரோபோ என்று எல்லாம் வந்தன. 46 மணி நேரம் கழித்து, தகரப்பறம்புப் பக்கம் அவர் உடல்தான் மிதந்து வந்தது. அவர் நெய்யாற்றின்கரை வட்டத்து மாராயமுட்டத்துக்காரர். நம் ஆள்.

அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, 2023 ஜூலை 8, அதுவும் சனிக்கிழமை. விழிஞ்ஞம் முக்கோலையில் 90 அடி ஆழக் கிணற்றில் பழைய உறையை மாற்றும் வேலை. மேலிருந்து மண் சரிந்து, அடியில் நின்றவர்மேல் விழுந்தது. அவர் தமிழ்நாட்டுக்காரர், பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து பல வருடமாகக் குடியிருந்தவர். மண்ணை அள்ள அள்ள மண் இறங்கிக்கொண்டே இருந்தது, ஊற்றும் விடவில்லை. உடலை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 2017 நவம்பர். அதே மாராயமுட்டம். கல்குவாரியில் பாறை சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் உள்ளூர்க்காரர், இன்னொருவர் சேலத்திலிருந்து மண் அள்ளும் இயந்திரம் ஓட்ட வந்தவர்.

தோடு, கிணறு, குவாரி என்று இடம் மூன்றானாலும் எனக்கு மூன்றிலும் தெரிவது ஒரே ஓட்டைதான். கீழே நிற்பவருக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. மேலே நிற்பவருக்கு, எந்த நொடியில் “ஏறி வா” என்று சொல்ல வேண்டும் என்று யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். தொழிலாளிக்குப் பயிற்சி, ஹெல்மெட், பூட்ஸ் என்று நாம் பேசுகிறோம். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் இறங்கு என்று வாய் திறந்து சொல்பவர் மேஸ்திரி. முதல் பயிற்சி அவருக்கு வேண்டும். அவருக்குத் தெரியாமல் கீழே நிற்பவருக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. அன்றைய கூலி அவர் கையில் இருக்கும்போது கீழே நிற்பவரால் “முடியாது” என்று சொல்லவும் முடியாது.

இப்போது செப்டிக் டேங்க். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இதில் ஆள் மிக வேகமாகச் சாகிறான்.

மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. நாற்றம் வருவதுவரை மனிதன் உஷாராக இருக்கிறான். வாயுவின் அளவு கூடி பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவைத் தொட்டால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. “நாத்தம் போச்சு மக்கா, இனி இறங்கலாம்” என்று சொல்லும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். அளவு 700, 1000 என்று ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவான். கூப்பிடக்கூட நேரம் கிடையாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். மேலே குனிந்து பார்ப்பவருக்குச் சில நேரம் ஒன்றும் தெரியாது. ஏணியில் நாலு படி இறங்கியவரைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: காலையில் திறந்து வைத்தோம், காற்று போய்விட்டது என்று நம்ப முடியாது. வாயு சேற்றுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. கம்பால் கலக்கினாலோ காலால் மிதித்தாலோ ஒரே மூச்சில் கிளம்பும். அதனால் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குவது போதாது. ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்கக் கருவி உள்ளேயே இருக்க வேண்டும்.

கிணற்றுக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வாளியில் மெழுகுவர்த்தி ஏற்றி இறக்குவார்கள். அணையாவிட்டால் இறங்கலாம் என்று கணக்கு. அத்துடன் இலையோடு ஒரு மரக்கிளையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசிக் காற்றைக் கலக்குவார்கள். முன்னோர்கள் அறிவில்லாமல் செய்ததல்ல இது. ஆக்ஸிஜன் குறைந்தால் சுடர் அணையும், உண்மைதான். ஆனால் சுடர் அணைவது ஆக்ஸிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கும்போது. நாம் சாதாரணமாக மூச்சு விடும் காற்றில் அது 21 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 19.5க்குக் கீழே போனாலே உள்ளே போகக் கூடாது என்பது பல நாடுகளில் உள்ள விதி. மெழுகுவர்த்தி அதைச் சொல்லாது. விஷ வாயு இருந்தாலும் சொல்லாது. மீத்தேன் தேங்கியிருந்தால் அந்தச் சுடரே அதைக் கொளுத்திவிடும். இன்று ஆக்ஸிஜன், மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் சேர்த்துக் காட்டும் சிறிய கருவி நடுத்தர மொபைல் போன் விலைக்கே கிடைக்கிறது. ஒரு காண்ட்ராக்டருக்கு அது பெரிய தொகை அல்ல. அதை வாங்காதவரை அவரிடம் ஆளை இறக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சிலர் பெட்ரோல், டீசல் பம்ப்செட்டைக் கயிற்றில் கட்டி உள்ளேயே இறக்கி ஓட்டுகிறார்கள். ஹோஸ் நீளம் போதவில்லை என்பது காரணம். அந்தப் புகை கிணற்றை விட்டு வெளியே போகாது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு நாறாது, கண்ணிலும் படாது. பம்பை நிறுத்திவிட்டு “சேறு அள்ளப் போறேன்” என்று இறங்குபவர் அந்தப் புகைக்குள்தான் இறங்குகிறார். எஞ்சின் எப்போதும் கிணற்றுக்கு வெளியே, காற்று புகையைக் கிணற்றை விட்டு அப்பால் கொண்டுபோகும் பக்கம் இருக்கட்டும். கரண்டில் ஓடும் நீர்மூழ்கி பம்ப் என்றால், ஆள் இறங்குமுன் சுவிட்சை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கி மேஸ்திரியின் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? நம் ஊரில் யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அடுத்தவர் குதிப்பார். அதுதான் இரண்டாவது சாவு.

2015 நவம்பர் 26, கோழிக்கோடு. பாதாளச் சாக்கடைக் குழியில் ஆந்திரத் தொழிலாளர்கள் இருவர் மூச்சுத் திணறி விழுந்தார்கள். அந்த வழியே வந்த ஓர் ஆட்டோ டிரைவர் அவர்களைக் காப்பாற்ற இறங்கினார். மூவரும் இறந்தார்கள். கேரளமே அழுதது. அந்தச் செய்தியால் கலங்கிய பொறியியல் மாணவர்கள் சிலர்தான் பிறகு ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற கம்பெனி தொடங்கி, மனிதன் இறங்காமல் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் ‘பேண்டிகூட்’ ரோபோவைத் திருவனந்தபுரத்தில் கொண்டுவந்தார்கள். அப்படியும் பத்து வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 30 இரவு, இடுக்கி மாவட்டம் கட்டப்பனையில் ஒரு ஹோட்டலின் கழிவுக் குழியில் தேனி மாவட்டத் தமிழர்கள் மூவர் இறந்தார்கள். ஒருவர் உள்ளே சிக்கினார், மற்ற இருவர் அவரை எடுக்கப் போனார்கள். பத்து வருட இடைவெளியில் கதை ஒரு சொல் மாறவில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986லேயே சொன்னது: இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள்.

ஆகையால் மேஸ்திரிகளே, சூபர்வைசர்களே, உங்களுக்கு முதல் பாடம் இது. ஆள் விழுந்தால் நீங்கள் இறங்கக் கூடாது, வேறு யாரையும் இறங்க விடவும் கூடாது. கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்பதை மூன்று வீட்டில் கேட்கச் செய்யாதீர்கள். 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள், பிளோயர் இருந்தால் காற்றை உள்ளே அடியுங்கள், மேலிருந்தே ஆளை இழுங்கள். மேலிருந்தே இழுக்க வேண்டுமென்றால் அவர் இறங்கும்போதே அதற்கான ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். இடுப்பில் சுற்றிய கயிறு உதவாது. மயங்கிய ஆள் இரண்டாக மடிவார், இரண்டடி வாய்க்குள் மாட்டிக்கொள்வார், நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் வரமாட்டார். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். அதன் கொக்கி முதுகுக்கு மேல்பக்கம் இருக்க வேண்டும். வாய்க்கு மேலே முக்காலி நிறுத்தி, கையால் சுற்றும் வின்ச் மாட்டியிருக்க வேண்டும். அப்போது ஒற்றை ஆளே மேலே இழுத்துவிடலாம். இதை வேலை தொடங்குமுன் ஒருமுறை தரையில் செய்து பார்க்க வேண்டும்.

மேஸ்திரிகளில் பலர் இதே வேலையில் கையாளாகத் தொடங்கி மேலே வந்தவர்கள். அவர்கள் கைத்திறன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் “இருபது வருசமா இறங்குறேன், எனக்கு ஒண்ணும் ஆவல” என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டும்போது பயமாக இருக்கிறது. இருபது வருடம் வாயு தேங்காத குழிகள் அமைந்தன, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் தப்பு செய்தவர் திரும்பி வந்து அனுபவம் சொல்வதில்லை. உயிரோடு இருப்பவர்களின் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பாடம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987ல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தகவல், அறிவுரை, பயிற்சி, மேற்பார்வை நான்கையும் தொழிலாளிக்குத் தருவது முதலாளியின் கடமை என்று எழுதிவைத்தார்கள். மேற்பார்வை என்ற சொல்லும் அதில் இருந்ததைக் கவனியுங்கள். 2025 நவம்பர் 21ல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் முதலாளியின் கடமைகளைப் பேசுகிறது. ஆனால் அந்தச் சட்டம் பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். கட்டுமானத்தில் பத்துப் பேருக்குக் குறைந்தால் இல்லை. 50 லட்சத்துக்கு உட்பட்ட சொந்த வீடு என்றாலும் இல்லை. தொழிற்சாலை என்று சொல்ல, கரண்ட் உள்ள இடத்தில் 10 பேர் என்றிருந்த அளவை 20 ஆக்கிவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை வைக்க வேண்டுமென்றால், கட்டுமானத்தில் 250 பேர் வேண்டும்.

நம் வட்டாரத்தில் எத்தனை இடத்தில் 250 பேர் ஒன்றாக வேலை செய்கிறார்கள்? இங்கே கிணறு என்றால் நாலு பேர். செப்டிக் டேங்க் என்றால் இரண்டு பேர், ஒரு டேங்கர் லாரி. வீடு கட்டினால் ஒரு கொத்தனார், மூன்று கையாள், வார்ப்பு நாளில் மட்டும் பதினைந்து பேர். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் வீட்டுப் பின்புறத்தில் ஓடுகிறது. கேரளத்தின் தெற்கு முனையில் மனிதர்கள் சாகும் வேலையிடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கணக்குக்குக் கீழே நழுவிவிடுகின்றன. பயிற்சி தரச் சொல்லி எந்த அதிகாரியும் வந்து நிற்கப் போவதில்லை. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளில் பெரிய ஆலைகளில் உறுதிமொழி எடுப்பார்கள். மாராயமுட்டத்துக் கிணற்றடிக்கு அது வந்து சேராது.

ஆனால் ஆள் எண்ணிக்கை பார்க்காத சட்டம் ஒன்று உண்டு. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவது குற்றம். பஞ்சாயத்து இறக்கினாலும் குற்றம், காண்ட்ராக்டர் இறக்கினாலும் குற்றம், வீட்டுக்காரர் நேரடியாகவோ இன்னொருவர் மூலமாகவோ இறக்கினாலும் குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபர் 20ல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். “காண்ட்ராக்ட் கொடுத்தாச்சு, என் பொறுப்பு முடிஞ்சாச்சு” என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பொறுப்பு முடியவில்லை.

எல்லையில் இருப்பதால் நமக்கு இன்னொரு தலைவலி. 1956 நவம்பர் 1ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் கூலி வேலைக்குக் கோடு போடவில்லை. களியக்காவிளைக்காரர் பாறசாலையில் சாரம் கட்டுகிறார், பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்தில் வார்ப்பு வேலைக்குப் போகிறார். பதிவு எந்த மாநிலத்துக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். பதிவு செய்தவரும் புதுப்பித்திருக்க மாட்டார். விபத்து நடந்தபின் அந்த அட்டையைத் தேடி அலமாரியைக் கவிழ்ப்பது குடும்பத்துப் பெண்கள்தான். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மொழியும் இதில் சேர்த்தி. காண்ட்ராக்டர் மலையாளம் பேசுவார், மேஸ்திரி தமிழ் பேசுவார், கையாள் வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பையன். சைட்டில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை இங்கிலீஷில் இருக்கும். வயதான தமிழ்த் தொழிலாளிகள் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. இந்த நிலையில் நோட்டீஸ் ஒட்டுவதைப் பயிற்சி என்று கணக்குக் காட்ட முடியாது. ஆனால் தமிழ், மலையாளம், கொஞ்சம் இந்தி என்று மூன்று மொழியும் நாக்கில் புரளும் ஆட்கள் இங்கே நிறைய. பயிற்சி தர இதைவிடத் தோதான மண் எது? காலையில் வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம், இன்றைக்கு எங்கே ஆபத்து, ஏதாவது ஆனால் யார் என்ன செய்வது என்று தமிழில், மலையாளத்தில், அந்தப் பையனுக்குத் தெரிந்த இந்தியில் மேஸ்திரி சொல்லட்டும். சொன்னபின் அந்தப் பையனைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவன் தலையை மட்டும் ஆட்டினால் புரியவில்லை என்று அர்த்தம்.

இனி சொல்வதை வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறினால்தான் வொர்க் பெர்மிட். அந்தப் பாடம் தமிழிலேயே நடக்கிறது. சூபர்வைசருக்குத் தனிப் பாடம். அடைபட்ட இடத்துக்குள் போக எழுத்தில் அனுமதி, வாயு சோதனை, வெளியே காவலுக்கு ஓர் ஆள் என்று 2009 முதல் அங்கே தனி விதிகளே உண்டு. அப்படிப்பட்ட நாட்டிலும் 2024 மே 23ல் ஒரு குடிநீர் நிலையத்தில் இந்தியத் தொழிலாளி ஒருவர் ஹைட்ரஜன் சல்பைடில் இறந்தார். அவ்வளவு கட்டுக்காவல் உள்ள இடத்திலேயே இந்த வாயு ஆளை எடுக்கிறதென்றால், ஒன்றுமே இல்லாத நம் கொல்லைப்புறக் குழியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பி வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அங்கே பெர்மிட் கையெழுத்தாகாமல் குழிக்குள் கால் வைக்காதவர்கள், பெல்ட் மாட்டாமல் சாரத்தில் ஏறாதவர்கள். ஊருக்கு வந்ததும் அதே ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மூன்றாம் மாடி சாரத்தில் நிற்கிறார்கள். அண்ணன்மாரே, நீங்கள் படித்த பாடத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்து சைட் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

மற்ற வேலைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பு ஏணி, அலுமினிய ஏணி, தேங்காய் பறிக்கும் இரும்புத் தொரட்டி: மூன்றையும் தூக்குமுன் தலையைத் தூக்கி மேலே கரண்ட் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். 2025 மார்ச் 1ல், இங்கிருந்து அதிக தூரமில்லாத இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையின்போது சக்கரம் வைத்த இரும்பு ஏணி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு நான்கு பேர் அந்த இடத்திலேயே போனார்கள். குழி தோண்டினால், மார்பளவு ஆழம் தாண்டியதும் பக்கத்துக்குப் பலகை முட்டுக் கொடுங்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கும் அக்காமாருக்கு அதன் எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும் என்று எப்போதோ தெரியும். கையுறை வாங்கித் தருவது முதலாளியின் கடமை என்பதுதான் இன்னும் தெரியவில்லை. ரப்பர் ரோலரில் ஷீட் மாட்டிக்கொண்டால் முதலில் சுவிட்சை அணையுங்கள், பிறகு கையை வையுங்கள்.

இனி யார் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு வாயு மீட்டர், ஒரு பிளோயர், ஒரு முக்காலி வின்ச், இரண்டு முழு உடல் பெல்ட் வாங்கி வைத்து, கிணற்றுக்காரர்களுக்கு இலவசமாகவோ சிறு வாடகைக்கோ கொடுக்கலாம். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து அரை நாள் செய்து காட்டினால் போதும், மேஸ்திரிகள் பிடித்துக்கொள்வார்கள். பாறசாலை, காரோடு, செங்கல், குன்னத்துகால், பெருங்கடவிளை பஞ்சாயத்து உறுப்பினர்களை நேரில் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். காண்ட்ராக்டர் பட்டியலில் ஒருவரைச் சேர்க்குமுன், அவருடைய சூபர்வைசர் இந்த அரை நாள் பயிற்சியில் உட்கார்ந்தாரா என்று பாருங்கள்.

வீட்டுக்காரர்களே, செப்டிக் டேங்க் நிரம்பினால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். குழாய் மட்டும் உள்ளே போகட்டும், ஆள் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 14420 என்ற எண்ணே இதற்காக இருக்கிறது. அடியில் கட்டிய சேறு வரவில்லை, ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று லாரிக்காரர் சொன்னால், தண்ணீர் விட்டுக் கரைத்து மீண்டும் உறிஞ்சச் சொல்லுங்கள். கூடக் கொஞ்சம் பணம் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.

தொழிலாளித் தோழர்களே, “அஞ்சு நிமிசம்தான் மக்கா, இறங்கீட்டு வா” என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். வாயு பார்த்தாச்சா? என்னை மேலே இழுக்க என்ன மாட்டியிருக்கு? மேலே யார் நகராம நிப்பாங்க? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அன்றைய கூலி போனால் போகட்டும், வீட்டுக்குத் திரும்பிப் போங்கள். மேஸ்திரிகளே, அப்படித் திரும்பியவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிடாமல் விட்டுவிடாதீர்கள்.